தரானில் டோல் கூட்டம்: கையெழுத்தோடு கருத்தும் வர என்ன செய்ய வேண்டும்?

நகர்வரைவு

கிழக்கு நேபாளத்தின் தரான் உபமாநகரத்தில் இரண்டு வார்டுகளில், அடுத்த பட்ஜெட்டில் தங்கள் பகுதிக்கு எந்த வேலை வேண்டும் என்று மக்கள் தேர்ந்தெடுக்கும் டோல் கூட்டங்கள் நடத்துவதற்கு ஒரு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறோம். டோல் என்பது தெருவைவிடப் பெரிது, வார்டைவிடச் சிறிது. முப்பது வீடும் இருக்கலாம், நூறு வீடும் இருக்கலாம்.

ஒரு வார்டு பஜார் பக்கம். நேவார், மார்வாரி கடைக்காரர்கள், பாஹுன், செத்ரி வீட்டுக்காரர்கள், மாடிகளில் வாடகைக்கு இருக்கும் மாணவர்களும் மருத்துவமனை ஊழியர்களும். இன்னொன்று ஓடைக்கரையோரம். ராய், லிம்பு, தமாங், மகர் குடும்பங்கள், தலித் குடும்பங்கள், நிலப் பத்திரம் இல்லாத சுகும்பாசி வீடுகள், தராய் எனப்படும் தெற்குச் சமவெளியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள்.

நேபாளத்தில் பொதுவாக இந்தக் கூட்டங்களின் மைனூட் புத்தகத்தை, அதாவது கூட்டக் குறிப்பேட்டை, புரட்டினால் அறுபது கையெழுத்து இருக்கும், ஆனால் நாலைந்து பேர் சொன்ன கோரிக்கைதான் இருக்கும். அதைத் தவிர்க்க வேண்டும். கூட்டத்தை எந்த மாதம் வைப்பது, யாரை எப்படி அழைப்பது, சாதிவாரி, இனவாரிச் சங்கங்களை நம்பலாமா, முடிவான வேலையை உபபோக்தா சமிதி, அதாவது பயனாளிகள் குழு, செய்யும்போது எதைக் கண்காணிப்பது? நடைமுறை விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆனிச்சாரல்

முதலில் மாதக் கணக்கு. இங்கே தப்பினால் மற்றதெல்லாம் வீண். நேபாளத்தின் விக்ரம நாட்காட்டி சூரிய மாதம். அதனால் நம் மாதங்களோடு ஏறக்குறைய ஒட்டியே வரும். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அவர்களின் 'அசார்' நம் ஆடி அல்ல, ஆனி. 'ஸ்ராவண்'தான் நம் ஆடி. பைசாக் சித்திரை, ஜேட் வைகாசி. நிதியாண்டு ஸ்ராவண் 1 அன்று, அதாவது ஆடிப் பிறப்பை ஒட்டி, தொடங்குகிறது.

2017-இல் வந்த உள்ளூராட்சி இயக்கச் சட்டப்படி நகரசபையில் பட்ஜெட்டை அசார் 10-க்குள் வைத்தாக வேண்டும். அதற்குமுன் ஏழு படிகள்: வருவாய் மதிப்பீடு, உச்சவரம்பு வகுத்தல், டோல் அளவில் திட்டத் தேர்வு, வார்டில் முன்னுரிமை வரிசை, நகர அளவில் பட்ஜெட் குழு தொகுத்தல், செயற்குழு ஒப்புதல், கடைசியில் சபை. நீங்கள் கேட்பது மூன்றாவது படியை மட்டும். ஆனால் அதன் தலைவிதி இரண்டாவது படியில் எழுதப்படுகிறது. வார்டுக்கு எவ்வளவு பணம் என்ற உச்சவரம்பு பைசாக்கில் வந்துவிட வேண்டும். அந்த எண் தெரியாமல் கூட்டம் போட்டால் ஒவ்வொரு டோலும் இருபது கோரிக்கை எழுதித் தரும், வார்டு அலுவலகத்தில் ஒருவர் பேனாவை எடுத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த மூன்றை மட்டும் வைத்துக்கொள்வார். மக்கள் பங்கேற்றதாகக் கணக்கும் ஆகிவிடும். ஆகவே உச்சவரம்பு கைக்கு வந்த பிறகே கூட்டத்துக்குத் தேதி குறியுங்கள். கூட்டம் நடக்கும் இடத்தில் அந்தத் தொகையைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். நகரத்தின் மொத்த பட்ஜெட் வேண்டாம், இந்த வார்டின் தொகை மட்டும்.

இன்னொரு ஆபத்துக்கு நேபாளத்திலேயே ஒரு பெயர் உண்டு: 'கனிகா சர்னே', அதாவது குருணை தூவுவது. எந்த டோலுக்கும் மனக்குறை வேண்டாம் என்று பணத்தைச் சமமாகப் பிரித்துத் தூவிவிடுவார்கள். பல சமூகம் வாழும் வார்டில் இது சமத்துவம் போலவே தெரியும், ஆனால் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் ரூபாயில் பாதி வடிகால் கட்டினால் மீதிப் பாதியின் தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் போகும். இந்த ஆண்டு இரண்டு டோல், அடுத்த ஆண்டு இரண்டு டோல் என்று சுழற்சியை எல்லா டோலின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திட்டு, வார்டுக் குழுத் தீர்மானமாகவும் ஆக்கினால் காத்திருக்க மக்கள் சம்மதிப்பார்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது.

'அசாரே பிகாஸ்' என்பதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண்டு முடிகிறதே என்று அசார் மழையில் தாரும் கான்கிரீட்டும் கொட்டுவது. தரான் மலையடிவாரம், ஆனி மழை அங்கே கொட்டித் தீர்க்கும். வேலையை மங்ஸிர் முதல் சைத் வரை, நம் கார்த்திகை முதல் பங்குனி வரை, முடிக்கும்படி ஒப்பந்தத் தேதியை எழுதச் சொல்லி டோலே வற்புறுத்தலாம்.

---

திண்ணை

கூட்டம் நடத்துவது பற்றிச் சொல்கிறேன்.

நாள்: சனிக்கிழமை விடுமுறை என்பதால் எல்லாரும் சனி காலையைத்தான் குறிப்பார்கள். நேபாளத்தில் கிறிஸ்தவர்களின் ஆராதனையும் சனிக்கிழமை காலைதான். அந்த ஒரு முடிவிலேயே ராய், லிம்பு, தமாங், தலித் வீடுகளில் கணிசமானவை வெளியே நின்றுவிடும், அழைக்கவில்லை என்று யாரும் சொல்லவும் முடியாது. வெள்ளி நண்பகல் முஸ்லிம்களுக்கு ஆகாது. பைசாக் பௌர்ணமியை ஒட்டி ராய் முதலான கிராந்திகளின் உபௌலித் திருவிழாவும் சாகேலா ஆட்டமும் நாள்கணக்கில் நடக்கும். அந்த மாலைகளில் ராய் டோலில் கூட்டம் வைத்தால் வயதானவர்கள் இரண்டு பேர் வருவார்கள். கூலிக்குப் போகிறவர்களுக்கு மாலை ஆறு மணிக்குமேல் சரி. ஆனால் அதுதான் பெண்களுக்கு அடுப்பு நேரம். அதனால் ஒரே கூட்டம் போதாது. பெண்களுக்கு மதியம் இரண்டு மணிவாக்கில் ஆமா சமூஹ் (அன்னையர் குழு) மூலம் தனியாக ஒன்று, பொதுக் கூட்டம் மாலையில் ஒன்று.

இடம் அடுத்தது. ஒருவர் வீட்டு முற்றம் வேண்டாம், கட்சிக்காரர் கடைவாசல் வேண்டவே வேண்டாம். கோயில் வளாகமும் வேண்டாம். தலித் குடும்பங்கள் வாசலோடு நின்றுவிடும் இடம் எது என்று அவர்களுக்கே தெரியும். அதை வெளியாட்கள் கேட்காமல் முடிவு செய்கிறார்கள். பள்ளி மைதானம், சௌத்தாரி எனும் மரத்தடி மேடை, வார்டுக்குச் சொந்தமான திடல் என்றால் நல்லது. நாற்காலி போட்டால் முன்வரிசை யாருக்கு என்ற கேள்வி வந்துவிடும். பாய் விரியுங்கள், வட்டமாக உட்காரட்டும்.

மொழி விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் அடிக்கடி வருகிறது. 2021 கணக்கெடுப்பில் நேபாளத்தில் 124 தாய்மொழிகள், 142 சாதி, இனக் குழுக்கள். அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு குழுவுக்கும் மொழிபெயர்ப்பாளர் தேடுகிறார்கள். தரானில் ராய்களுக்குள்ளேயே பாந்தவா, சாம்லிங், குலுங் என்று பல மொழி. தங்களுக்குள்ளும் பலர் நேபாளியில்தான் பேசிக்கொள்கிறார்கள். மலைச் சமூகங்களுக்கு நேபாளி புரியும். புரியாதது அலுவலக நேபாளி. 'பிராத்மிகீகரண்', 'வினியோஜன்', 'லாகத் அனுமான்' என்று படித்தால் பாதிப் பேர் தலையாட்டிவிட்டுக் கிளம்புவார்கள். 'எது முதலில்', 'எவ்வளவு பணம்', 'எவ்வளவு ஆகும்' என்று பேச்சு வழக்கில் சொல்ல ஒருவரைப் பழக்குங்கள். மொழிபெயர்ப்பு உண்மையிலேயே தேவைப்படுவது மைதிலி பேசும் தராய்த் தொழிலாளர்களுக்கும், தாரு இனப் பெரியவர்களுக்கும். அவர்களோ பட்டியலிலேயே இருப்பதில்லை.

பட்டியல் என்றதும் வாடகைக்காரர்கள். கூட்டத்துக்கு வாக்காளர் பட்டியலை வைத்து அழைத்தால் அவர்கள் இல்லை, ஏனென்றால் வாக்கு சொந்த ஊரில். தரானில் பி.பி. கொய்ராலா சுகாதார அறிவியல் நிறுவனமும் கல்லூரிகளும் இருப்பதால் வாடகைக் குடியிருப்பு ஏராளம். குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நின்றது, குப்பை வண்டி எந்தச் சந்துக்குள் வரவில்லை என்பது வீட்டுக்காரரைவிட அவர்களுக்கே துல்லியமாகத் தெரியும். வாக்காளர் பட்டியலை விட்டுவிட்டு வீடுவீடாக அடுப்புக் கணக்கு எடுங்கள். எத்தனை அடுப்போ அத்தனை அழைப்பு. சுகும்பாசிக் குடும்பங்களுக்கும் இதுவே வழி. 'கூட்டத்துக்கு வந்தால் நிலத்துக்கு உரிமை கேட்பார்கள்' என்று பயந்து அவர்களை விட்டுவிடுகிற வழக்கம் உண்டு. வடிகால், விளக்கு, கழிப்பறை பற்றிய தேர்வுக்கும் நில உரிமைக்கும் சம்பந்தமில்லை என்று மைனூட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் இரு தரப்புக்கும் பயம் தீரும்.

இனி, பேச வைப்பது. கையைத் தூக்கச் சொன்னால் கடன் கொடுத்தவரைப் பார்த்துக் கடன் வாங்கியவர் கை தூக்குவார். மக்காச்சோள மணி போதும். கோரிக்கைகளைப் படமாக வரைந்து ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மூடிய டப்பா, மேலே துளை. ஆளுக்கு மூன்று மணி. வீட்டுக்கு மூன்று என்று கொடுத்தால் அது ஆண் கைக்குப் போகும். ஆண்களுக்கு வெள்ளை மணி, பெண்களுக்கு மஞ்சள் மணி. எண்ணும்போது இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். வெள்ளை சாலையிலும் மஞ்சள் தண்ணீர், வடிகாலிலும் குவிந்தால் அந்த வேறுபாடே வார்டுக் குழுவிடம் பேச ஆதாரம். வார்டுக் குழுவில் தலைவர், நான்கு உறுப்பினர். அந்த நால்வரில் இருவர் பெண்கள், அவர்களில் ஒருவர் தலித் பெண். அந்த தலித் உறுப்பினரைக் கையெழுத்துக்கு மட்டும் அழைக்காமல் மணி எண்ணும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.

கடைசியாக, மைனூட்டை அங்கேயே எழுதி, அங்கேயே உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து. முதலில் கையெழுத்து, பிறகு தீர்மானம் என்ற பழக்கம் 2002 முதல் 2017 வரை உள்ளூராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளே இல்லாத காலத்தில் வேரூன்றிவிட்டது. கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு, மொத்தம் எத்தனை கோரிக்கை என்பதை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, பக்கத்தைப் படம் எடுத்து டோலின் வாட்ஸ்ஆப் குழுவில் போடுங்கள்.

---

அளவுநாடா

உபபோக்தா சமிதி பற்றி. பொதுக் கொள்முதல் விதிகளின்படி ஒரு கோடி ரூபாய் வரையான வேலையைப் பயனாளிகளின் சமிதியிடமே கொடுக்கலாம். 7 முதல் 11 பேர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள், தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றில் ஒருவராவது பெண். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடையாது. பிறகு அளந்து முடித்த வேலைக்கு ஏற்பத் தவணை.

எது கெடுகிறது? சமிதி பெயருக்கு இருக்கும், பின்னால் ஒரு ஒப்பந்தக்காரர் இருப்பார். அடையாளம் சுலபம்: எக்ஸ்கவேட்டர் வந்து நிற்கும். டோசர், எக்ஸ்கவேட்டர், ரோலர் மாதிரிக் கனரக இயந்திரம் தேவைப்படும் வேலையைச் சமிதிக்குக் கொடுப்பதற்கே விதியில் தடை இருக்கிறது, காரணம் உள்ளூர் ஆட்களின் கைக்குக் கூலி போக வேண்டும் என்பதுதான். அதனால் வேலையைத் தேர்வு செய்யும்போதே ஆள் செய்யக்கூடியதா என்று பாருங்கள். சந்து கான்கிரீட், மூடிய வடிகால், கல் பாவுதல், குழாய்க் குழி, தாங்குசுவர் சரி. அகலச் சாலைக்குத் தார் போடுவது இதற்கு ஆகாது.

பெண் பொருளாளர் என்றால் காசோலைப் புத்தகம் அவர் வீட்டில் இருக்க வேண்டும். வெற்றுக் காசோலைகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது எங்கும் நடக்கிற ஏமாற்று. 'தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட மாட்டேன்' என்ற ஒரு வரியை முதல் கூட்டத் தீர்மானமாகவே போட்டுவிட்டால், பிறகு அவர் தனியாக நின்று மறுக்க வேண்டியதில்லை.

கண்காணிப்புக்கு எண் வேண்டும். உதாரணமாக 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனத்தில் சந்து கான்கிரீட் என்று வையுங்கள். 30 கன மீட்டர். 1:1.5:3 கலவைக்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட், ஆக 240 மூட்டை. மணல் ஏறக்குறைய 12.5 கன மீட்டர், ஜல்லி 25. இந்த மூன்று எண்ணையும் தகவல் பலகையில் எழுதினால் போதும். காலி மூட்டைகளை ஒரே இடத்தில் அடுக்கி வைக்கச் சொல்லுங்கள், பள்ளிப் பிள்ளைகள்கூட எண்ணிவிடுவார்கள். 180 மூட்டைதான் இருக்கிறதென்றால் ஒன்று கலவை மெலிந்தது, அல்லது கனம் குறைந்தது. கனத்தைக் கொட்டுவதற்கு முன்பே பாருங்கள்: இரு பக்கப் பலகை மேல் நூலைக் கட்டி, நடுவில் ஐந்து இடத்தில் நாடா வைத்து அளக்க வேண்டும். ஓரத்தில் 10 செ.மீ., நடுவில் 6 என்பதுதான் வழக்கமான திருட்டு. இறுகிய பிறகு ஓரம்தான் கண்ணில் படும்.

3 முதல் 4 மீட்டருக்கு ஒரு இணைப்பு வெட்டு இல்லாவிட்டால் வெடிப்பு தானாக வரும். ஏழு நாள் ஈரச் சாக்கு. தரானில் மங்ஸிருக்குப் பிறகு தண்ணீர்த் தட்டுப்பாடு என்பதால் இந்த ஈரப்படுத்தலைத்தான் முதலில் கைவிடுவார்கள். அதற்கான தண்ணீரை மதிப்பீட்டிலேயே தனி வரியாகச் சேருங்கள். வடிகால், குழாய், வயர் எல்லாம் முதலில், மேல்தளம் கடைசியில். ஒவ்வொரு வீட்டு வாசலின் உயரத்தையும் அளந்துவிட்டுத் தள மட்டம் குறியுங்கள். சந்து மூன்று முறை மேல்தளம் கண்டால் தாழ்ந்த வீடுகள் குளமாகும், தாழ்ந்த வீடு பெரும்பாலும் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசித் தவணைக்குமுன் சார்வஜனிக் பரீக்ஷண், பொதுத் தணிக்கைக் கூட்டம். அங்கே ரசீதை மட்டும் படித்தால் பிரயோஜனமில்லை. அளவுப் புத்தகத்தின் நகலோடு எல்லாரும் சந்தில் நடந்து அளக்க வேண்டும். நகல் தர மறுத்தால் 2007-இன் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேளுங்கள், 15 நாளுக்குள் தந்தாக வேண்டும்.

---

நகர்வரைவு

நன்றி. அடுப்புக் கணக்கும் இரு நிற மணியும் வழிகாட்டியில் போகின்றன. இன்னும் இரண்டு கேள்வி. தரானில் ஸ்ரமதானத்துக்குப் பெயர் உண்டு. 2022-இல் சுயேச்சையாக வென்ற மேயர் ஹர்க சாம்பாங் காலத்தில் கோகாஹா ஓடைத் தண்ணீருக்காக ஏராளமானோர் குழி வெட்டிக் குழாய் சுமந்தார்கள். அந்த உற்சாகத்தை டோல் வேலைக்குக் கொண்டுவரலாமா? சங்கங்கள் பற்றிய கேள்வியும் நிற்கிறது.

---

ஊற்றுக்கண்

கொண்டுவரலாம், கணக்கோடு. ஸ்ரமதானம் குழி வெட்டுவதற்கு அருமையான வழி, குழாயை ஒட்டுவதற்கு அல்ல.

90 செ.மீ. ஆழம், 45 செ.மீ. அகலத்தில் 100 மீட்டர் குழி என்றால் சுமார் 40 கன மீட்டர் மண். மிருதுவான மண்ணில் பழகிய ஆள் ஒரு நாளில் ஒன்றரை கன மீட்டர் வெட்டுவார், 27 ஆள்நாள். தரான் நிலம் அப்படியில்லை. மலையிலிருந்து உருண்டு வந்த கல்லும் சரளையும். பாதி வேகம் என்று வைத்து 55 ஆள்நாள் எழுதுங்கள். 27 என்று அறிவித்துவிட்டு மூன்றாவது சனிக்கிழமையும் குழி முடியாவிட்டால் நாலாவது சனிக்கிழமைக்கு ஆள் வராது. கல் நிலத்தில் குழாய்க்குக் கீழே 10 செ.மீ. மணல் மெத்தை வேண்டும். இல்லையென்றால் பாலிதீன் குழாயில் கூர்க்கல் அழுத்தி இரண்டாவது மழையில் கசியும். ஒட்டுவதைப் பயிற்சி பெற்றவர் சூட்டுத் தகட்டில் செய்யட்டும். ஒட்டு இடங்களை மூடாமல் விட்டு, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் சோதித்த பிறகுதான் மண் தள்ள வேண்டும். ஆர்வத்தில் அன்றே மூடிவிட்டால் கசிவைத் தேடி எல்லாவற்றையும் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.

நியாயக் கணக்கு இன்னும் முக்கியம். 'வீட்டுக்கு ஒருவர், வராவிட்டால் தண்டம்' என்பது பார்க்கச் சமம். மாத ஓய்வூதியம் வரும் முன்னாள் கூர்க்கா வீரர் வீட்டில் ஆள் அனுப்பிவிடுவார்கள் அல்லது தண்டம் கட்டிவிடுவார்கள். தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் என்பது அன்றைய சோறு. குடும்பத் தலைவர் தனியாக வாழும் விதவை என்றால் அனுப்ப ஆளே இல்லை. டோல் கூடி, யாருக்கு விலக்கு, யாருக்குப் பாதி என்று முன்பே பெயரோடு எழுதிவிடுங்கள். சமைத்துப் போடுவதையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையும், கணக்கு எழுதுவதையும் ஆள்நாளாகவே கணக்கிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்பினால் அதைக் குழாய், வால்வு என்ற பொருளின் பெயரில் வரவு வையுங்கள். ஆள்நாளுக்கு ஈடாகக் கழித்தால் உழைப்பவர்கள் ஒரு பக்கம், பணம் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம் என்று டோல் இரண்டாகப் பிரியும்.

தண்ணீர் என்றால் மேலே இருக்கும் ஊரையும் கூட்டத்துக்கு அழைக்காமல் இருக்காதீர்கள். சர்து ஓடை நெடுங்காலமாகத் தரானுக்குக் குடிநீர் தருகிறது. அதன் நீர்ப்பிடிப்பில் ஆடு மாடு மேய்த்து, விறகெடுத்து வாழ்கிற குடும்பங்கள் நகர வார்டின் எந்தக் கூட்டப் பட்டியலிலும் வராது. கீழே குழாய் வரி கட்டுகிறவர்கள் மேலே இருப்பவர்களுக்கு என்ன தருகிறார்கள் என்பது எழுத்தில் இல்லாவிட்டால் ஊற்றுக்கருகே குழாய் வெட்டப்படும், பிறகு போலீஸ் வரும், இனப்பெயர் சொல்லிச் சண்டை வரும். ஆரம்பம் தண்ணீர்தான்.

---

சௌத்தாரி

சங்கங்கள் பற்றி. கிராந்த் ராய் யாயோக்கா, கிராந்த் யாக்துங் சும்லுங், தமாங் கேதுங் எல்லாம் மொழிக்கும் பண்பாட்டு உரிமைக்கும் வலுவாக உழைக்கிற அமைப்புகள். வழிபாட்டிடம், திருவிழா வழி, இடுகாடு, பள்ளியில் தாய்மொழி, பெயர்ப்பலகை மொழி என்றால் அவர்களைக் கேட்காமல் ஒரு கல்லையும் நகர்த்த வேண்டாம். சந்து வடிகாலுக்கு மட்டும் அவர்களைப் பிரதிநிதியாக எடுக்காதீர்கள். வடிகால் இனவாரியாக ஓடாது. சங்கத்தின் நகரக் குழுத் தலைவர் அந்தச் சந்தில் குடியிருக்கவும் மாட்டார்.

சங்கங்களை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்தால் பட்டியலில் முதலில் வருவது ஆளுக்கொரு சமூக பவன். மறுக்க முடியாது, ஒன்றுக்குக் கொடுத்தால் ஒன்பதுக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் மிச்சமிருக்கும் ஒரு திடலைத் தின்னும். 1988 ஆகஸ்ட் 21 நிலநடுக்கத்தில் பலமாக அடிபட்ட ஊர் தரான். இரவில் வீட்டைவிட்டு ஓடி வந்து நிற்க இடம் வேண்டும். திடல்களை முதலில் அளந்து வரைபடத்தில் பூட்டிவிட்டு, ஒரே கூடத்தை எல்லாரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் விதிகளைப் பேசுங்கள். பெரிய பாத்திரங்கள் வைக்க இரண்டு தனி அறை, இரண்டு தனிச் சமையல் மேடை இருந்தால் போதும். பொதுக்கூடம் வேண்டாம் என்பவர்களின் மறுப்பு பெரும்பாலும் சமையலில்தான் தொடங்குகிறது.

2023-இல் அங்கே வழிபாட்டிடத்தையும் உணவையும் முன்வைத்துப் பதற்றம் எழுந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட கேள்வி டோல் கூட்டத்தில் கிளம்பினால் மக்காச்சோள மணியை நீட்டாதீர்கள். சிறுபான்மையின் வழிபாட்டைப் பெரும்பான்மை எண்ணித் தீர்மானிக்கக் கூடாது. 'இது இந்தக் கூட்டத்தின் பொருள் அல்ல' என்று மைனூட்டில் பதிந்து, சம்பந்தப்பட்டவர்களை வார்டுத் தலைவர் தனியே உட்கார வைக்கட்டும்.

காட்மாண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு 'குதி (நேவார்களின் பரம்பரைச் சமூக அறக்குழு) மாதிரி ஒன்று அமைக்கலாமே' என்று யாராவது சொல்வார்கள். அங்குள்ள பக்தபூரில் 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு கோயில்களை உபபோக்தா சமிதிகளே எழுப்பியது உண்மை. அதற்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் வாழும் நேவார் குடும்பங்களும், குதி முறையும், தச்சர் கைத்தொழிலும் இருக்கின்றன. தரான் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் மலையிலிருந்தும் சமவெளியிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களின் ஊர். அங்கே ஏற்கெனவே உயிரோடு இருப்பது ஆமா சமூஹ், சமூக வனக்குழு, டோல் சுதார் சமிதி (டோல் மேம்பாட்டுக் குழு), குழந்தைகள் மன்றம். வழிகாட்டியில் புதிதாக ஒரு குழுவைச் சேர்க்காமல் இந்த நான்கின் பதிவேட்டையும் அடுப்புக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கிலும் பெயர் வராத வீடுகளுக்கு முதல் வாரத்திலேயே நேரில் போக வேண்டும்.